121 முன் சில்லுச் சத்தம், ஸ்டியரிங் ஆட்டம்: ரெக் முழுசா மாத்தச் சொல்றாங்கள், உண்மையா?

காலிவீதி121:
வணக்கம் எல்லாருக்கும். என்ர கார் டொயோட்டா கொரொல்லா 121, ஒட்டோ கியர். வெள்ளவத்தையில இருந்து வத்தளைக்கு தினம் ஓடுறது. கொஞ்சக் காலமா முன்பக்கத்தில ரெண்டு பிரச்சினை. ஒண்டு, 40 தாண்டினா ஊஊம் எண்டு ஒரு சத்தம், 60, 70 எண்டு ஏற ஏற அதுவும் ஏறுது, கட்டுநாயக்க எக்ஸ்பிரஸ்வேல 100 இல போகேக்க தூரத்தில ஹெலி பறக்கிற மாதிரி கேக்குது, பக்கத்தில இருக்கிற ஆளோட கத்தித்தான் கதைக்கோணும். மற்றது ஸ்டியரிங். நடுவில கொஞ்சம் சும்மா ஆடுது, காலி வீதியில நேரா போகேக்கயே பிடிச்சுப் பிடிச்சு திருத்த வேண்டிக்கிடக்கு, சின்னப் பள்ளத்தில விழுந்தாலும் டொக் எண்டு கையில வந்து அடிக்குது.

ஒரு கராஜுக்கு கொண்டு போனன். ஆள் காரை ஜக்கில தூக்கக்கூட இல்ல, ஒரு ரவுண்ட் ஓடிப்பாத்திட்டு வந்து துண்டில எழுதித் தந்தார்: ரெக் அசெம்பிளி (ஸ்டியரிங் சுத்துறதை இடம் வலமா மாத்தி முன் சில்லைத் திருப்புற பகுதி), முன் பெயரிங் ரெண்டு (சில்லு உருளுற குண்டு வளையம்), லோவர் ஆம் ரெண்டு (சில்லைக் கீழால பிடிக்கிற இரும்புக் கை), ஷொக் ரெண்டு, ரொட் எண்ட் ரெண்டு (ரெக்கில இருந்து வாற தண்டின்ர சில்லுப் பக்கத்து முனை). கூட்டிப் பாத்தா தலை சுத்துது. இவ்வளவும் ஒரேயடியா பழுதாகுமா? யாராவது விளங்கப்படுத்துங்கோ.

வத்தளை பொடியன்:
மச்சான் 90 வீதம் டயர். இதே மாதிரி சத்தம் என்ட காருக்கும் இருந்திச்சு, டயர் மாத்தினதும் போச்சு. பெயரிங் பெயரிங் எண்டு காசு பிடுங்குவாங்க. டயர்ல கைய வச்சுத் தடவிப் பாரு, ஒரு பக்கம் வழுவழுண்டும் மற்றப் பக்கம் தடவினா அறுக்கிற மாதிரியும் இருந்தா அலைன்மென்ட், அதான் சில்லு நிக்கிற கோணம், பிழை, அதுதான் சத்தம்.

ஸ்பனர் அண்ணை:
தம்பி, அந்தத் துண்டை மடிச்சு வைச்சிட்டு முதல்ல சத்தத்தையும் ஆட்டத்தையும் வேற வேறயா பாருங்கோ. ரெண்டும் ஒரே காலத்தில வந்ததால ஒரே காரணமா இருக்கவேணும் எண்டு இல்ல. பெரும்பாலும் இருக்கிறதும் இல்ல. ரெண்டையும் சேத்து யோசிக்கிறதாலதான் அந்தத் துண்டு அவ்வளவு நீளமா வந்திருக்கு.

சத்தத்துக்கு முதல்ல காசு செலவில்லாத வேலை. வாகனம் குறைஞ்ச ரோட்டில 60 இல போகேக்க நியூட்ரலுக்குப் போட்டு கொஞ்சத் தூரம் உருள விடுங்கோ. என்ஜினை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ, பவர் ஸ்டியரிங் போயிடும், பிரேக்கும் கொஞ்சத்தில இறுகிடும். நியூட்ரலிலயும் சத்தம் அப்பிடியே இருந்து, வேகம் குறைய அதுவும் குறைஞ்சால் என்ஜினும் கியர்பொக்ஸும் பெரும்பாலும் காரணம் இல்ல, சில்லுப் பக்கம்தான். அடுத்தது, பிரேக்கை லேசா மிதிச்சுப் பாருங்கோ, சத்தம் மாறினால் பிரேக் பாட், அதை அமத்துற கலிப்பர் பக்கம் போகலாம். மூண்டாவது, நீளமான வளைவில என்ன நடக்குது எண்டு கவனியுங்கோ. வலப்பக்கம் வளையேக்க பாரம் இடப்பக்கச் சில்லில விழும், இடப்பக்கம் வளையேக்க வலச்சில்லில. பாரம் விழுற பக்கத்துப் பெயரிங் பழுதெண்டால் அந்த நேரம் சத்தம் கூடும். ஸ்டியரிங் முழுசா ஒடிச்சு கொஞ்சம் அக்சலரேட்டர் குடுத்து எடுக்கேக்க டக் டக் டக் எண்டு அடிச்சால் அது வேற கதை, சிவி ஜொயின்ட், அதாவது கியர்பொக்ஸில இருந்து சில்லைச் சுத்துற தண்டின்ர மூட்டு. அதை மூடின ரப்பர் பூட் கிழிஞ்சு ரிம்முக்கு உள்பக்கமா க்ரீஸ் தெறிச்சிருக்கும், குனிஞ்சு பாத்தாலே தெரியும்.

காலிவீதி121:
அண்ணை நன்றி. நேற்று இரவு பாத்தன். நியூட்ரல்ல சத்தம் அப்பிடியே இருக்கு. பிரேக் லேசா பிடிச்சா ஒரு வித்தியாசமும் இல்ல. பேலியகொட வளைவில வலப்பக்கம் திரும்பேக்க நல்லா கூடுது, இடப்பக்கம் திரும்பினா கிட்டத்தட்ட இல்லாமப் போகுது. முழுசா ஒடிச்சு எடுத்தா டக் டக் இல்ல. அப்ப இடப்பக்க பெயரிங் தானே?

வத்தளை பொடியன்:
அவசரப்படாத மச்சான். பாரம் விழுந்தா டயரும்தானே கூடச் சத்தம் போடும்? வளைவ மட்டும் வச்சு பெயரிங் எண்டு எப்படிச் சொல்றது?

ஸ்பனர் அண்ணை:
பொடியன் சொல்றதில நியாயம் இருக்கு, வளைவு டெஸ்ட் மட்டும் போதாது. டயரைக் கழிக்கிறதுக்கு வழி, முன் சில்லு ரெண்டையும் அந்தந்தப் பக்கத்திலயே பின்னுக்குக் கொண்டு போய் பின் சில்லை முன்னுக்குப் போடுறது. சத்தம் டயரோட பின்னுக்குப் போனால் டயர். அசையாமல் முன்னுக்கே நிண்டால் டயர் இல்ல. இன்னொண்டு, தார்க் காபட் போட்ட ரோட்டில இருந்து கொங்கிறீட் ரோட்டுக்கு ஏறேக்க டயர்ச் சத்தம் சுருதி மாறும், பெயரிங்கின்ர சத்தம் ரோட்டைப் பாத்து மாறாது.

பிறகு கையால ஒரு டெஸ்ட் இருக்கு. முன்பக்கம் ஒரு சில்லை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில வைச்சு, ஒரு கையால சில்லைச் சுத்திக்கொண்டு மற்றக் கையை முன் ஸ்பிரிங்கில, அதுதான் ஷொக்கைச் சுத்தி இருக்கிற கொயிலில, விரல் பதிய வையுங்கோ. பெயரிங் போயிருந்தால் காதுக்குக் கேக்க முதலே விரலுக்குத் தெரியும், ஒரு மெல்லிய கரகரப்பு ஸ்பிரிங்கால ஏறி வரும். மற்றப் பக்கத்தையும் அதே மாதிரிச் செய்து ஒப்பிட்டுப் பாருங்கோ. ஒப்பிடாமல் ஒரு பக்கத்தை மட்டும் பாத்தால் எல்லாமே கரகரப்பு மாதிரித்தான் இருக்கும்.

கொட்டாஞ்சேனை கவி:
இடையில வாறதுக்கு மன்னிக்கணும், எனக்கும் ஸ்டியரிங் பிரச்சினைதான். விட்ஸ். ஓடாம நிக்கிறப்பவே ஸ்டியரிங்க கொஞ்சம் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆட்டினா உள்ளுக்குள்ள, என் கால் பக்கத்துல, டக் டக்னு கேக்குது. ரோட்டுலயும் சின்னச் சின்ன குலுக்கலுக்கெல்லாம் கேக்குது. வெளிய நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் கேக்கல. இதுவும் ரெக்கா?

ஸ்பனர் அண்ணை:
தங்கச்சி, உங்கட கேஸ் வேற. சத்தம் காருக்குள்ள கால் பக்கத்தில கேக்குது, வெளியில கேக்கேல்ல எண்டால் முதல்ல பாக்க வேண்டியது ஸ்டியரிங் கொலத்தையும் ரெக்கையும் இணைக்கிற இடைத்தண்டு, இன்டர்மீடியட் ஷாஃப்ட் எண்டுவினம். அதின்ர ரெண்டு முனையிலயும் சிலுவை ஜொயின்ட் இருக்கு. ஒருத்தரை ஸ்டியரிங்கை மெல்ல ஆட்டச் சொல்லிட்டு நீங்கள் பெடல் பக்கம் குனிஞ்சு அந்த ஜொயின்டை கையால பிடிச்சுப் பாருங்கோ, டக் எண்டுறது உள்ளங்கையிலயே தெரியும். சில நேரம் பழுதே இருக்காது, இறுக்கிற போல்ட் இளகியிருக்கும், ஒரு ஸ்பனரோட முடியும். ஜொயின்டே தேஞ்சிருந்தால் ஷாஃப்டை மாத்தோணும், ரெக்கைத் தொடத் தேவையில்ல. கழட்ட முதல் ஸ்டியரிங்கை நேரா வைச்சு, தண்டிலயும் ரெக் முனையிலயும் ஒரு கோடு போடச் சொல்லுங்கோ. ஒரு பல்லு மாறி ஏத்தினாலும் ஸ்டியரிங் கோணலா நிக்கும். கழட்டி வைச்ச நேரம் ஸ்டியரிங்கை சும்மா சுத்தவும் கூடாது, எயார்பேக் வயர்ச் சுருள் அறுந்துபோகும்.

கொட்டாஞ்சேனை கவி:
ஐயோ நல்லவேளை கேட்டேன். ரெக் எடுக்க அட்வான்ஸ் குடுக்கப் போயிட்டு இருந்தேன்.

தெமட்டகொட நானா:
இந்தப் பழைய கார் எல்லாம் இனியும் பல வருஷம் ஓடத்தான் போகுது, 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் சொந்தக் காருக்குத் திறந்தாங்க, திறந்தாலும் வரி கட்டி எடுக்க எத்தன பேருக்கு ஏலும். அதனால 121, 141, விட்ஸ் சாமானுக்கு பஞ்சிகாவத்தை சாமான் கடைகளில நல்ல ஓட்டம், ஓட்டம் இருக்கிற இடத்தில டூப்பும், அதான் போலிச் சாமானும், இருக்கும். நம்மட நாட்டில சொந்தக் காருக்கு வருஷா வருஷம் புகை டெஸ்ட் மட்டும்தானே, லொறி பஸ்ஸுக்கு மாதிரி ஃபிட்னஸ் டெஸ்ட் இல்ல. சில்லு கழண்டு விழுற நிலைமையில இருந்தாலும் புகை சரியா இருந்தா லைசன்ஸ் கிடைச்சிரும். ஆகவே நாமதான் பாத்துக்கணும்.

காலிவீதி121:
சத்தம் விஷயத்தில அண்ணை சொன்ன மாதிரி டயர் முன் பின் மாத்தினன், சத்தம் முன்னுக்கேதான். ஸ்பிரிங்கில கை வைச்சுப் பாத்தன், வலப்பக்கம் வெண்ணெய் மாதிரி, இடப்பக்கம் கரகர எண்டு விரலில நல்லாத் தெரியுது. பொடியன் ஒத்துக்கொள்ளும் மச்சான். இப்ப அந்த ஸ்டியரிங் ஆட்டத்தை எப்பிடிப் பிடிக்கிறது?

வத்தளை பொடியன்:
சரி சரி ஒத்துக்கிட்டன். ஆனா டயர் பழசுதானே?

ஸ்பனர் அண்ணை:
ஆட்டத்துக்கு வருவம். முதல்ல அளவு. என்ஜினை ஓடவிட்டு, சில்லு நேரா நிக்கேக்க ஸ்டியரிங் விளிம்பில ஒரு துண்டு டேப் ஒட்டி, பக்கத்தில அடிமட்டம் பிடிச்சு, சில்லு அசையாமல் ஸ்டியரிங் எவ்வளவு தூரம் சும்மா போகுது எண்டு பாருங்கோ. டொயோட்டா மனுவலில சாதாரணமா 30 மில்லிமீட்டர்தான் உச்ச எல்லை. அதுக்குள்ள எண்டால் பேயாமல் இருங்கோ, கூட எண்டால் எங்க தேஞ்சிருக்கு எண்டு தேடலாம்.

தேட ரெண்டு பேர் வேணும். கார் நிலத்திலயே நிக்கட்டும், பாரம் சில்லில இருக்கோணும். ஒருத்தர் உள்ள இருந்து என்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில டக் டக் எண்டு ஆட்டோணும். ஹாண்ட் பிரேக், பார்க் கியர் ரெண்டும் கட்டாயம். மற்றவர் முன் சில்லுக்குப் பின்னால குந்தி ரொட் எண்டைப் பாக்கோணும். ரொட் எண்டும் சில்லைத் திருப்புற இரும்புக் கையும் சேந்து அசைஞ்சால் அது சரி. தண்டு அசையுது, ஆனா கை கொஞ்சம் பிந்தித்தான் அசையுது எண்டால் ரொட் எண்டின்ர பொல், அதாவது உருண்டை மூட்டு, தேஞ்சு போச்சு. ஒரு விரலை ரெண்டும் சேருற இடத்தில வைச்சால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் தெரியும். அங்க ஒண்டும் இல்லையெண்டால் உள்ளுக்கு வாங்கோ, ரெக்குக்குப் பக்கத்தில அக்கோடியன் மாதிரி மடிச்ச ரப்பர் பூட் இருக்கே, அதை அமத்தி உள்ள இருக்கிற பொல்லைப் பிடியுங்கோ. அதுதான் ரெக் எண்ட். அங்க டொக் எண்டால் ரெக் எண்ட் மட்டும் மாத்தினால் போதும். ரெக்கே மொத்தமா இடம் வலம் நகருதெண்டால் அதைப் பிடிச்சிருக்கிற ரப்பர் புஷ், அதுவும் தனியா வரும். இவ்வளவும் சரியா இருந்து ஆட்டம் மிச்சம் எண்டால்தான் ரெக்குக்குள்ள பல் தேய்வு எண்ட பேச்சு, அதுக்கும் முதல் கவிக்குச் சொன்ன இடைத்தண்டைப் பாக்கோணும்.

அடுத்தது தூக்கிப் பாக்கிறது. காரின்ர சொந்த ஜக்கை மட்டும் நம்பி கீழ போகாதேங்கோ. ஸ்டாண்ட் இல்லையெண்டால் ஸ்பெயார் வீலையாவது சைட் சட்டத்துக்குக் கீழ தள்ளி வையுங்கோ. சில்லை மேலயும் கீழயும், அதாவது 12 மணி 6 மணியில பிடிச்சு ஆட்டுங்கோ, பிறகு 3 மணி 9 மணியில. 3-9 இல மட்டும் ஆட்டம் எண்டால் ஸ்டியரிங் பக்கம். 12-6 இல ஆட்டம் எண்டால் பெயரிங் அல்லது லோவர் ஆம் முனையில இருக்கிற லோவர் பொல் ஜொயின்ட். இதில எது எண்டு பிரிக்கிறதுக்கு ஒருத்தரை பிரேக்கை அமத்திப் பிடிக்கச் சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்கோ. பிரேக் பிடிச்சால் டிஸ்க்கும் நக்கிளும் (பெயரிங் ஏறியிருக்கிற இரும்புத் துண்டு) ஒண்டாகிடும், பெயரிங் இடையில இல்லாத மாதிரி. அப்ப ஆட்டம் நிண்டால் பெயரிங், நிக்காமல் ஆடினால் பொல் ஜொயின்ட். பொல் ஜொயின்ட் எண்டால் அதோட கார் எடுக்கவேண்டாம். கழண்டால் சில்லு மடிஞ்சு கார் ரோட்டில குந்தும், உங்கட கையில ஒண்டும் இருக்காது.

காலிவீதி121:
பாத்தாச்சு. தம்பியை உள்ள இருத்தி ஸ்டியரிங் ஆட்டச் சொன்னன். அடிமட்டத்தில 40 மில்லிமீட்டருக்கு மேல வருது. ரொட் எண்ட் ரெண்டு பக்கமும் அசைவில்ல, டஸ்ட் கவரும் கிழியேல்ல. ஆனா இடப்பக்க பூட்டை அமத்திப் பிடிச்சா உள்ள டொக் டொக் எண்டு விரலில அடிக்குது, வலப்பக்கம் ஒண்டும் இல்ல. தூக்கி 3-9 இல ஆட்டினா அதே டொக். 12-6 இல ஒரு ஆட்டமும் இல்ல. இதில ஒரு சந்தேகம், பெயரிங் போயிருந்தா 12-6 இல ஆடோணுமே?

ஸ்பனர் அண்ணை:
தேவையில்ல. பெயரிங்கின்ர ஓடுபாதையில சின்னச் சொறி விழுந்தாலே சத்தம் தொடங்கிடும், ஆட்டம் வாறதுக்கு அதுக்குப் பிறகும் நாள் எடுக்கும். ஆட்டம் வரட்டும் எண்டு காத்திருக்கிறவைதான் கடைசியில ஹப்பையும் (பெயரிங்குக்குள்ள ஏறுற, சில்லு பூட்டுற துண்டு) சேத்து மாத்துறவை. உங்கட கேஸ் முடிஞ்சுது: இடப்பக்க பெயரிங் ஒண்டு, இடப்பக்க ரெக் எண்ட் ஒண்டு. ரெக் அசெம்பிளியும் தேவையில்ல, லோவர் ஆமும் தேவையில்ல. ஷொக் எண்ணெய் கசியுதா எண்டு மட்டும் பாருங்கோ.

இடப்பக்கம்தான் முதல்ல போறது எண்டதும் ஆச்சரியமில்ல. எங்கட ரோட்டில கான் மூடி, மேன்ஹோல், வெட்டி மூடின பள்ளம் எல்லாம் ஓரத்தில, இடச்சில்லுதான் எல்லாத்துக்கும் முதல் அடி வாங்குறது. ஆமர் வீதியில மழைத்தண்ணிக்குள்ள ஓட்டுற ஆக்களுக்கு பெயரிங் சீலும் சேந்து போகும்.

தெமட்டகொட நானா:
சாமான் எடுக்கிறதெண்டா ரெக் எண்டுக்கு ட்ரிபிள் ஃபைவ் கேளுங்க, ஜப்பான் சங்கேய் கம்பெனிட சாமான். பெயரிங்குக்கு கோயோ, என்எஸ்கே, என்டிஎன். பெட்டிய மட்டும் பாத்து ஏமாறாம சாமான்ல அடிச்சிருக்கிற எழுத்தப் பாருங்க, நல்ல சாமான்ல எழுத்து துப்புரவா, ஆழம் ஒரே மாதிரி இருக்கும், டூப்ல மங்கலா தேய்ச்ச மாதிரி இருக்கும். பழைய சாமானக் கையோட கொண்டு போனா நல்லம், நீளமும் புரியும் ஒப்பிடலாம். விலை இங்க எழுதினா நாளைக்கே பொய்யாகிரும், மூணு கடையில கேட்டிட்டு எடுங்க. ரெகண்டிஷன் பெயரிங் மட்டும் எடுக்காதீங்க, பழைய நக்கிள்ல இருந்து அடிச்சுக் கழட்டினது அடி வாங்கினதுதான்.

ஸ்பனர் அண்ணை:
நானா சொன்னது சரி, அதே அடி புதுப் பெயரிங்குக்கும் விழும், அதுதான் எனக்குப் பயம். 121 இல முன் பெயரிங் நக்கிளுக்குள்ள அழுத்தி ஏத்துறது, சேர்க்கிளிப் எண்ட பூட்டு வளையம் வைச்சுப் பூட்டுறது. பிரஸ் மெஷின் இல்லாத கராஜில சுத்தியலால அடிச்சு ஏத்துவாங்கள். நக்கிளுக்குள்ள ஏத்தேக்க வெளி வளையத்தைத்தான் அழுத்தோணும், ஹப்பை ஏத்தேக்க உள் வளையத்துக்குத் தாங்கல் குடுக்கோணும். மாறிச் செய்தால் அழுத்தம் குண்டுகளுக்கால போய் பாதையில பள்ளம் விழும், புதுப் பெயரிங் முதல் நாளே ஊளையிடும், பிறகு சாமான் டூப் எண்டு கடைக்காரரைப் பேசுவாங்கள். பிரஸ் இருக்கா எண்டு கேட்டுட்டுக் காரை விடுங்கோ.

சிவி ஷாஃப்டின்ர நடு நட் புதுசு போடச் சொல்லுங்கோ, இறுக்கு அளவு 216 நியூட்டன் மீட்டர், அளவு பாத்து இறுக்கிற டோர்க் ரெஞ்ச் இல்லாமல் எயார் கன் மெஷினால அடிச்சு விடவேண்டாம். அந்த நட் இளகி இருக்கேக்க காரைச் சில்லில இறக்கித் தள்ளவும் கூடாது, பாரம் விழுந்தால் பெயரிங் கெட்டுப்போகும். ரெக் எண்டுக்குப் பின்னால லொக் வொஷர் ஒண்டு வரும், அதையும் புதுசு போட்டு மடிச்சு விடோணும். கழட்ட முதல் ரொட் எண்ட் எத்தனை புரியில நிண்டது எண்டு குறிச்சு வைச்சால் அலைன்மென்டுக்குப் போறவரைக்கும் சில்லு ஓரளவு நேரா நிக்கும். அலைன்மென்ட் எல்லாத்துக்கும் கடைசி வேலை. தேஞ்ச சாமானோட அலைன்மென்ட் செய்யிறது காசை கானுக்குள்ள போடுறது.

வத்தளை பொடியன்:
அண்ணை, லோவர் ஆம் புஷ் மாத்தினாலும் கடைசியிலதானே அலைன்மென்ட்? எனக்கு போன வருஷம் புஷ் போட்டது இப்ப திரும்பவும் கிழிஞ்சிருக்கு.

ஸ்பனர் அண்ணை:
காரைத் தூக்கி வைச்சு சில்லு தொங்கேக்கயே போல்டை இறுக்கியிருப்பாங்கள். இறக்கினதும் ஆம் மேல வரும், ரப்பர் முறுகின நிலையிலயே இருக்கும், கெதியில கிழியும். போல்டை சும்மா பூட்டிவிட்டு, காரை இறக்கி, ரெண்டு தரம் அமத்தி விட்டு, பாரம் சில்லில நிக்கேக்கதான் கடைசி இறுக்கு இறுக்கோணும். அடுத்தமுறை பக்கத்தில நிண்டு பாரும்.

காலிவீதி121:
வேலை முடிஞ்சுது. பழைய கராஜ் இல்ல, பிரஸ் இருக்கிற வேற இடம். பழைய பெயரிங்கைக் கையில தந்தாங்கள், உள் வளையத்தைச் சுத்தினா சில இடத்தில பிடிச்சுப் பிடிச்சு விடுது. ரெக் எண்டின்ர பொல் தண்டைப் பிடிச்சா தானாகவே தொங்கி விழுது, புதுசில அது கையால மடக்கக் கஷ்டம். ஊஊம் முழுசா போச்சு, ஸ்டியரிங்கும் இறுக்கம், கல்கிசையில பீச்சுக்கு இறங்கிற ரெயில் கடவையிலயும் டொக் இல்ல. ஆனா இப்ப புதுசா மெதுவா போகேக்க இடப்பக்கம் கிர்ர் கிர்ர் எண்டு தகரம் உரசுற சத்தம், சில்லுச் சுத்துக்கு ஒருக்கா வருது. பெயரிங் பிழையா ஏத்திட்டாங்களோ?

ஸ்பனர் அண்ணை:
பயப்படாதேங்கோ. டிஸ்க்குக்குப் பின்னால மெல்லிய தகரத் தட்டு ஒண்டு இருக்கு, நக்கிளைப் பிரஸ்ஸில வைக்கேக்க வளைஞ்சிருக்கும். ரிம் ஓட்டைக்கால டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, டிஸ்க் ஓரத்தில பளபளக்கிற கோடு தெரியும். சில்லைக் கழட்டி கையால பின்னுக்கு வளைச்சு விட்டால் சரி.

காலிவீதி121:
சரியா அதேதான், பளபள கோடு இருந்தது. வளைச்சதும் நிண்டுட்டுது. ஒரு கேள்வி மட்டும், வலப்பக்க பெயரிங்கையும் சேத்து மாத்தியிருக்கோணுமா? அங்க இருந்த மெக்கானிக் பாஸ் ஜோடியா மாத்தினாத்தான் நல்லம் எண்டார்.

ஸ்பனர் அண்ணை:
ஷொக், ஸ்பிரிங், பிரேக் பாட் ஜோடியா மாத்துறது. பெயரிங்குக்கு அந்தச் சட்டம் இல்ல, ஸ்பிரிங்கில கை வைச்சு வலப்பக்கம் சுத்தம் எண்டு பாத்தனீங்கள்தானே, விடுங்கோ. ஓடத் தொடங்கி கொஞ்ச நாளில சில்லு நட்டுகளை மட்டும் திரும்ப ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ, 103 நியூட்டன் மீட்டர். அலைன்மென்டுக்குப் போகேக்க ஸ்டியரிங் நேரா நிக்குதா எண்டு காசு குடுக்க முதலே ரோட்டில ஓடிக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ, காசு குடுத்த பிறகு திரும்பி வந்தால் ஆக்கள் சாப்பிடப் போயிடுவினம்.

தெமட்டகொட நானா:
அலைன்மென்டுக்குப் போக முதல் நாலு டயருக்கும் காத்து சரியா அடிச்சிட்டுப் போங்க. அதைப் பாக்காமலே மெஷின்ல ஏத்திறவங்க நிறையப் பேர்.